கத்திரி வெயிலில் ஒரு கடல்

வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறேன் என்று சொன்னால், எங்கள் ஊரில் முதல் கேள்வி மீனைப் பற்றி வராது. "தண்ணிக்கு என்ன பண்றீங்க?" என்றுதான் வரும். நியாயமான கேள்வி. எங்கள் கே.ஜி.கண்டிகையிலிருந்து கிழக்கே நேர்க்கோட்டில் போனாலே கடலைப் பார்க்கச் சுமார் 80 கிலோமீட்டர் ஆகும். ஒரு பக்கம் திருத்தணி மலை, இன்னொரு பக்கம் ஆந்திர எல்லை, நடுவில் கரும்பும் வேர்க்கடலையும். கோடையில் 'சதமடித்த ஊர்கள்' என்று டிவியில் பட்டியல் ஓடும்போது அதில் திருத்தணி பெரும்பாலும் இருக்கும். இங்கே உட்கார்ந்துகொண்டு கடலா என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உப்புநீர்த் தொட்டியைத் தொடங்க நம்மூருக்கு ஏற்ற காலம் சித்திரை, வைகாசி. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும் அதே நாட்கள்தான். சிரிக்காதீர்கள். அப்போது மீன் விட்டால் செத்துப்போகும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தொட்டியைத் தொடங்குவது ஒரு வேலை, மீன் விடுவது வேறு வேலை. இரண்டுக்கும் நடுவில் பல வாரங்கள் இருக்கின்றன. அந்த வாரங்களில் நாம் வளர்ப்பது பாக்டீரியாவை. அதற்கு நம்மூர்ச் சூடு நன்றாகவே பிடிக்கும்.

தண்ணீருக்கு வருகிறேன். "பழவேற்காடு பக்கம்தானே, நாலு கேன் மொண்டுட்டு வந்துடலாம்" என்று நண்பர்கள் சொல்வார்கள். கடற்கரையில் இருப்பவர்களுக்கு அது வசதிதான். சென்னை மெரினாவில் 1909இலேயே ஒரு கடல்மீன் காட்சியகம் இருந்தது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. கடல் எதிரிலேயே இருந்தால் கதை வேறு. நமக்கோ, சுமந்து வரும் பாடு ஒரு பக்கம், அந்தத் தண்ணீரின் தரம் ஒரு பக்கம். வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுத் தண்ணீர் வந்து விழுந்து கரையோர உப்பளவு சட்டென்று இறங்கிவிடும். எண்ணூர்ப் பக்கத்தைச் சொல்லவே வேண்டாம். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சேர்ந்து முகத்துவாரத்திலேயே எண்ணெய் பரவியது. நம் பக்கத்து மழைநீரையெல்லாம் வாங்கிக்கொண்டு போகும் கொசஸ்தலை ஆறு கடலைத் தொடுவதும் அந்த முகத்துவாரத்தில்தான்.

ஆகவே தண்ணீரை நாமே கலந்துகொள்கிறோம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி என்றால் கணக்குப்படி 56 லிட்டர் சொச்சம். பாறை அடைக்கும் இடமும் மேலே விடும் இடைவெளியும் போக 50 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடச் சின்னதாக ஆரம்பிக்காதீர்கள். தொட்டி சிறுத்தால் சூடும் உப்பும் வேகமாக ஏறி இறங்கும், புதியவருக்குக் கையாளச் சிரமம். போர் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்து போர் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காது, அதில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும். ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி. கேன் தண்ணீரும் ஆர்.ஓ.வில் வருவதுதான், மூன்று கேன் போதும். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சுவைக்காகத் தாது சேர்ப்பவர்களும் உண்டு. கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

அடுத்த கேள்வி தவறாமல் வரும்: "கல் உப்பு போட்டா ஆகாதா?"

ஆகாது. ஏன் ஆகாது என்பதற்கு மரக்காணத்துக்கோ தூத்துக்குடிக்கோ போய் உப்பளத்தில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காய வைக்கிறார்கள். நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் அடியில் படிந்துவிடும். அதற்குப் பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு பூக்கிறது. உப்பை வாரியெடுத்த பின் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியமும் பொட்டாசியமும் போய்விடும். அதாவது கால்சியத்தை முன்னால் கழித்து, மக்னீசியத்தைப் பின்னால் கழித்து, நடுவில் எடுத்ததுதான் கல் உப்பு. சமையலுக்கு அது நல்லது. மீனுக்குத் தேவை, கழித்துவிட்டதும் சேர்ந்த முழுக் கடல். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் சமையல் உப்பு 27 கிராம் அளவுக்குத்தான். மீதியில் சல்பேட் 2.7 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம், பொட்டாசியம் 0.4 கிராம் என்று போகிறது. பாக்கெட் தூள் உப்பென்றால் அயோடினும், கட்டிப்படாமல் இருக்கச் சேர்க்கும் மருந்தும் வேறு. எனவே கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவையை வாங்க வேண்டும். அதில் கொஞ்சம் ஈரமும் இருப்பதால் 50 லிட்டருக்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும்.

கலக்கும்போது தண்ணீரில் உப்பைப் போடுங்கள். உப்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் சில சத்துகள் வெண்படலமாகப் படிந்து வீணாகும். வாளியில் ஒரு சின்ன மோட்டாரை ஓடவிட்டு ராத்திரி முழுக்கச் சுழலவிட்டால் காலையில் கண்ணாடிபோல் இருக்கும். உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் நல்லது. அடர்த்தி 1.026, அல்லது உப்பளவு 35 என்று காட்டினால் சரி. அதையும் 35 என்று குறித்த திரவத்தை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டும் கருவி, உப்புநீரில் தப்பாகக் காட்டுவதுண்டு.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. சைக்கிளிங். மீன் விடும் முன் தொட்டியில் பாக்டீரியாவை வளர்த்தெடுப்பது.

இதை எங்கள் ஊர் விவசாயி யாருக்காவது விளக்கினால் அரை நிமிஷத்தில் புரிந்துகொள்வார். வயலில் யூரியா போடுகிறோம். அது மண்ணில் அம்மோனியாவாகிறது. ஒரு வகை பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட்டாக்குகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. நீர் தேங்காத நிலத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அந்த நைட்ரேட்டைத்தான். தொட்டியிலும் நடப்பது அட்சரம் பிசகாமல் இதேதான். யூரியாவுக்குப் பதில் மீனின் கழிவு. மீன் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியே தள்ளுகிறது. தின்பதற்கு பாக்டீரியா இல்லாவிட்டால் அந்த அம்மோனியாவிலேயே மூச்சுத் திணறிச் சாகும்.

நன்னீர்த் தொட்டியில் கோல்டு ஃபிஷ் வளர்த்துப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அம்மோனியாவுக்குத் தண்ணீரில் இரண்டு உருவம். ஒன்று கொல்லும், இன்னொன்று அவ்வளவு கொல்லாது. எது எவ்வளவு என்பதைக் காரத்தன்மையும் சூடும் தீர்மானிக்கின்றன. பிஹெச் 7ஐ ஒட்டிய நன்னீரில் கொல்லும் பங்கு நூற்றில் ஒன்று இருந்தாலே அதிகம். கடல்நீரின் பிஹெச் 8.2, நம்மூர் அறைச் சூடு 28 டிகிரி என்றால் அது நூற்றில் ஒன்பது பத்து வரை போகும். டெஸ்ட் கிட்டில் நிறம் ஒன்றே, ஆபத்து பத்து மடங்கு. நைட்ரைட்டில் கதை தலைகீழ். கடல்நீரில் இருக்கும் குளோரைடு அது செவுளுக்குள் நுழையாமல் மறிப்பதால், நன்னீரில் செய்யும் கொடுமையை இங்கே செய்யாது.

ஆக, மீன் வருவதற்கு முன்பே பாக்டீரியா தயாராக இருக்க வேண்டும். அதற்குத் தீனி வேண்டும். பழைய வழி, விலை குறைந்த டாம்செல் மீன் இரண்டை விட்டு அவை படும் பாட்டில் தொட்டியைப் பழக்குவது. "இது சாகாது சார், இன்னைக்கே விடலாம்" என்று சொல்லும் கடைக்காரர்கள் இன்னும் உண்டு. சாகாமலிருந்தாலும் அது சித்திரவதை. பிழைத்த டாம்செல் பிறகு வரும் மீனையெல்லாம் விரட்டிக் கடிக்கும், பாறைக்குள்ளிருந்து அதைப் பிடிக்கவும் முடியாது. இன்னொரு வழி, ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுக விடுவது. வேலை செய்யும், ஆனால் நாறும். எங்கள் வீட்டில் அது வாசற்படியே தாண்டவில்லை. "கிருத்திகை விரதம் இருக்கிற வீட்ல இறாலை ஊறப் போடுறியாடா?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

நல்லவேளை, சைவ வழி ஒன்று இருக்கிறது. நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், பழுக்கக் காய்ந்த பாத்திரத்தில் ஒரு தூளைப் போட்டுத் தேய்ப்பாரே, குப்பென்று வெள்ளைப் புகை வருமே, அதுதான். வேதியியலில் அம்மோனியம் குளோரைடு. நாட்டு மருந்துக் கடை நவச்சாரத்தைத் தொட்டியில் போடாதீர்கள், அதில் என்ன கலப்பு என்று தெரியாது. ஆய்வகத் தரத்தில் சின்ன டப்பா கிடைக்கும், ஆயுசுக்கும் போதும். 6.3 கிராமை ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் எத்தனை லிட்டரோ அத்தனை மில்லி ஊற்றினால் அம்மோனியா 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆகும். நம் தொட்டிக்கு 50 மில்லி. பாட்டிலில் பெரிய எழுத்தில் பெயர் எழுதிக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விளக்கு வேண்டாம், போட்டால் பாசிதான் பிடிக்கும். நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கட்டும், பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். கொஞ்ச நாளைக்கு ஒன்றுமே நடக்காது. அம்மோனியா கிட்டில் அதே பச்சை. பிறகு ஒருநாள் பச்சை வெளுத்து மஞ்சளை நோக்கிப் போகும், நைட்ரைட் கிட் ஊதாவுக்கு ஏறும். இந்த இடத்தில் பலர் பயந்துவிடுகிறார்கள். 2 பிபிஎம் அம்மோனியா முழுதும் மாறினால் 5 பிபிஎம்முக்கு மேல் நைட்ரைட் வரும். எடையில் ஆக்சிஜன் சேர்கிறது, அவ்வளவுதான். அதுவே கிட்டின் உச்ச நிறம். இரண்டாம் முறையும் அம்மோனியா ஊற்றியிருந்தால் எண் எங்கோ போயிருக்கும். எனவே நைட்ரைட் இறங்கத் தொடங்கும்வரை மேற்கொண்டு அம்மோனியா ஊற்ற வேண்டாம். நைட்ரைட் நிறைய இருக்கும்போது நைட்ரேட் கிட் காட்டுவதையும் நம்ப வேண்டாம், ஒன்று மற்றதைப் பொய் சொல்ல வைக்கும்.

2 பிபிஎம் அம்மோனியா ஊற்றி, மறுநாள் பார்க்கையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் சைக்கிள் முடிந்தது. பொதுவாக நாலிலிருந்து ஆறு வாரம் என்பார்கள். குளிர்நாட்டுக்காரர்கள் இந்த வாரங்களில் ஹீட்டர் போட்டுத் தண்ணீரை 28, 30 என்று ஏற்றுகிறார்கள், இந்தப் பாக்டீரியாக்கள் சூட்டில் வேகமாகப் பெருகுவதால். நமக்கு அந்தச் செலவு கிடையாது. மே மாதத்தில் மூடிய அறையில் தொட்டி தானாகவே 31, 32 என்று நிற்கும். சித்திரையில் தொடங்கச் சொன்னது இதனால்தான்.

பாட்டிலில் பாக்டீரியா விற்கிறார்களே என்றால், விற்கிறார்கள், நல்லதும் உண்டு. ஆனால் அது உயிர். கோடையில் கூரியர் வேனில் வெந்து வந்த பாட்டிலில் என்ன மிஞ்சியிருக்கும்? வாங்குவதானால் நேரில் போய், கடையில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள். திருத்தணியில் மின்சார ரயில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்கினால் பக்கத்தில்தான் கொளத்தூர், தமிழ்நாட்டு வண்ண மீன் வியாபாரத்தின் தலைநகர். அங்கே கடல்மீன் வைத்திருப்பவரிடம் கேட்டால், ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி செராமிக் வளையம் கொடுப்பார். ஈரம் காயாமல் கொண்டுவந்து போட்டால் அதைவிட நல்ல உறைமோர் இல்லை. நோயுள்ள மீன் இருக்கும் தொட்டியிலிருந்து மட்டும் வாங்காதீர்கள். வீட்டு நன்னீர்த் தொட்டி ஸ்பாஞ்சைப் பிழிந்து ஊற்றுவதும் பயன்படாது, அந்த பாக்டீரியா உப்பில் தங்காது.

இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை, பரப்புகளில் ஒட்டி வாழும். ஆகவே நுண்துளை நிறைந்த பாறை வேண்டும். 1961இல் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து எடுத்த உயிர்ப் பாறையும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துத் தொட்டி ஓட்டிக் காட்டினார். உலகம் முழுக்க 'லைவ் ராக்' மோகம் பிடித்தது. யூடியூபில் பார்த்துவிட்டு நீங்களும் அதைத் தேடுவீர்கள். இந்தியாவில் தேடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளப்பாறைகள் இருக்கின்றன. புலி இருப்பது எந்தப் பட்டியலோ அதே பட்டியல். செத்த பவளம்தானே என்ற சமாதானமும் எடுபடாது.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள். கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா 1986இல் 21 தீவுகளுடன் அறிவிக்கப்பட்டது. அவற்றில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கு மேலே இல்லை. அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் கரைந்து போயின. நம் வரவேற்பறை அழகுக்கு அங்கிருந்து ஒரு துண்டு எடுத்துவர எனக்கு மனசு வராது. செராமிக்கில் செய்த பாறை கிடைக்கிறது. கை வேலை தெரிந்தவர்கள் சிமெண்டில் செய்து, காரம் போகும்வரை வாரக்கணக்கில் நீர் மாற்றி மாற்றி ஊற வைத்துப் பயன்படுத்தலாம். அடியில் மணல் இல்லாவிட்டாலும் தொட்டி ஓடும், துடைக்க எளிது.

சைக்கிள் முடிந்த பிறகு வெயில் எதிராளியாகிவிடும். மீனுக்கு 25 முதல் 28 வரை இதம். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். உப்புநீரில் அது ஏற்கெனவே நன்னீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கலாம், தொட்டியைவிட அதன் விலை பல மடங்கு. நான் வைத்திருப்பது ஒரு சின்ன டேபிள் ஃபேன், நீர்ப்பரப்பின்மேல் சாய்வாக. ஆவியாகும் நீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். இதில் கடற்கரைக்காரர்களைவிட நாம் கொடுத்து வைத்தவர்கள். சென்னைப் புழுக்கத்தில் நீர் அவ்வளவு லேசில் ஆவியாகாது, நம் வறண்ட காற்றில் ஃபேன் நன்றாக வேலை செய்யும். இருந்தாலும் கத்திரியில் ஃபேன் மட்டும் போதாது. அதனால் பாக்டீரியா சாகாமல் இருக்க வாரம் ஒருமுறை கொஞ்சம் அம்மோனியா காட்டிக்கொண்டு, ஆடிக் காற்று வரும்வரை மீனில்லாத தொட்டியை வைத்திருங்கள். வருகிறவர்களெல்லாம் "மீன் எங்கே?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

ஃபேன் போட்டால் நீர் குறையும், உப்பு குறையாது. 50 லிட்டரில் 6 லிட்டர் ஆவியானால் 35 என்றிருந்த உப்பளவு கிட்டத்தட்ட 40ஐத் தொடும். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுத் தினமும் அந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். குடும்பத்தோடு இரண்டு நாள் வெளியூர் போவதானால், பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பதோடு இதையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கரண்ட் போனால் நீரோட்டம் நிற்கும், அதற்கு பேட்டரி காற்று மோட்டார் ஒன்று இருக்கட்டும். உப்பு எங்கும் பூக்கும், பிளக் பாயிண்ட்டிலும் பூக்கும். ஒயர் தாழத் தொங்கி மேலேறிப் பிளக்குக்குப் போகட்டும், வீட்டில் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் கட்டாயம். தொட்டி இருக்கும் அறையில் கொசுவர்த்தியும் கொசு லிக்விடும் வேண்டாம், அந்த மருந்து மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். வெள்ளிக்கிழமை சாம்பிராணியையும் வேறு அறையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி அம்மாவிடம் பேசிப் பாருங்கள். நான் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடைசியில் மீன். 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ'வால் எல்லாருக்கும் நீமோ வேண்டும், கூடவே டோரி வேண்டும். டோரி ஒரு அடி வரை வளரும், 2 அடித் தொட்டியில் அதை அடைக்கக் கூடாது. நீமோ என்கிற கோமாளி மீன் இரண்டு தாராளமாக வாழும். இதைக் கடலில் பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. தொட்டியில் பிறந்த மீன் உலர்தீனி தின்னும், கண்ணாடிக்குப் பழகியது, சுலபத்தில் சாகாது. இரண்டும் சிறியதாக வாங்குங்கள். வளரும்போது ஆதிக்கம் செலுத்துவது பெண்ணாகிவிடும், மற்றது ஆணாக நிற்கும். ஜோடி பார்த்து வாங்கும் வேலை மிச்சம். கடல்தாமரை இல்லாமலேயே வாழும். வெண்புள்ளி நோய் வந்திருக்கிறதா என்று பார்க்க முதலில் சில வாரம் தனித் தொட்டியில் வைத்திருந்து பிறகு சேர்த்துவிடுங்கள்.

வரும் சித்திரையில் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. வேறெதையும் வாங்குவதற்கு முன் அம்மோனியா, நைட்ரைட் டெஸ்ட் கிட் இரண்டையும் வாங்குங்கள், பெட்டியில் காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பவளம் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்.